எழுதினால் போதும், பை நிறையும்!

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு வரும் காலை நேர வண்டிகளில் மீன் வாசனை முதலில் ஏறும். அதன் பின்னால் அன்னக்கூடையோடு பெண்கள் ஏறுவார்கள். விற்பனை முடிந்தால் அடுத்த வேலை மளிகைக் கடை. மிச்சமிருக்கும் நாலு மீனில் ஐஸ் கரைந்துகொண்டிருக்கும். ஊருக்குப் போகும் வண்டி எந்த நிமிடமும் கிளம்பிவிடும். கடையிலோ இவருக்கு முன்னால் ஐந்து பேர்.

அந்த ஐந்து பேருக்கும் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகும் மகள் எழுதிக் கொடுத்த சீட்டைக் கடைக்காரர் வாங்கிப் படிக்கிறார். உள்ளே நிற்கும் பையனுக்கு உரக்கச் சொல்கிறார். பையன் நிறுத்துக் கட்டுகிறான். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து அதே பட்டியலை மறுபடி எழுதுகிறார். பிறகு விலை போட்டுக் கூட்டுகிறார். ஒரே பட்டியலை இரண்டு பேர் எழுதி, இரண்டு முறை படித்தாகிறது. பொருளை எடுத்துக் கட்டுவதற்கு ஆகும் நேரத்தைவிட இந்த எழுத்து வேலைக்கே அதிக நேரம்.

வீட்டில் எழுதிய அந்த முதல் சீட்டே நேராகக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால்? அதற்கு வழி சொன்னதுதான் டிஜிட்டல் பேனா.

புள்ளிகள் சொல்லும் முகவரி

ஸ்வீடன் நாட்டில் லுண்ட் நகரத்தில் பிறந்த நிறுவனம் அனோட்டோ. அதன் பேனா, பார்வைக்குக் கொஞ்சம் தடித்த பால்பாயின்ட் பேனா மாதிரி இருக்கும். சாதாரண மையில் சாதாரணமாகத்தான் எழுதும். சூட்சுமம் காகிதத்தில் இருக்கிறது.

அந்தக் காகிதம் முழுவதும் கண்ணுக்கு லேசான சாம்பல் நிறமாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் அத்தனையும் புள்ளிகள். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். கோலத்துக்கு வைத்த புள்ளி போல வரிசையாக இருந்தாலும், ஒவ்வொன்றும் தன் இடத்திலிருந்து மேலே, கீழே, இடமாக, வலமாக என நான்கில் ஒரு பக்கம் இம்மியளவு விலகியிருக்கும். பக்கத்துக்கு ஆறு புள்ளி வீதம் உள்ள ஒரு சிறு சதுரத்தில் மொத்தம் 36 புள்ளி. அவை எப்படி விலகியிருக்கின்றன என்று பார்த்தாலே அது எந்தக் காகிதம், அதில் எந்த இடம் என்று சொல்லிவிடலாம். இந்தப் புள்ளி அமைப்பை ஒரு இடம்கூடத் திரும்ப வராமல் விரித்துக்கொண்டே போனால், ஐரோப்பா, ஆசியா இரண்டு கண்டங்களின் நிலப்பரப்பையும் விஞ்சும்.

பேனா முனைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி கேமரா. நாம் எழுத எழுத அது நொடிக்குப் பல பத்துப் படங்கள் எடுக்கும். முனை போன பாதையைப் பேனா நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு கணினிக்கோ கைபேசிக்கோ அனுப்பிவிடும். 2002-ல் லாஜிடெக் நிறுவனம் இந்த வகைப் பேனாவைக் கடைக்குக் கொண்டு வந்தது.

மளிகைக்கு இதை எப்படிப் பொருத்துவது? அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பெயர்கள் அச்சடித்த புள்ளிக் காகிதம் ஒன்று வீட்டில் இருக்கும். வேண்டிய பொருளுக்கு நேரே அளவை எழுத வேண்டியதுதான். பட்டியல் கடைக்குப் போய்விடும். நீங்கள் போய்ச் சேருவதற்குள் பை தயார். ஆங்கிலம் தெரிய வேண்டாம், கைபேசியில் தட்டத் தெரிய வேண்டாம், கண்ணாடியைத் தேட வேண்டாம்.

ஆனால் பேனாவின் விலை, அதற்கென்றே அச்சடித்த காகிதம், தீர்ந்துபோகும் பேட்டரி என்று மூன்று செலவுகள் கூடவே வந்தன. அதற்குள் கேமராவுள்ள கைபேசி எல்லார் மடியிலும் வந்துவிட்டது. இன்று சீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

மணலில் போட்ட கோடு

கடை வரிசையைக் குறைக்கும் யோசனைகளில் உலகம் முழுக்க நிலைத்தது பார்கோடு. அது பிறந்த இடமும் ஒரு கடற்கரைதான். 1948-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மளிகைக் கடைகள் நடத்திய ஒருவர், பில் போடும் இடத்தில் பொருளின் விவரத்தைத் தானாகப் படிக்க வழி உண்டா என்று ஒரு கல்லூரியில் போய்க் கேட்டார். அது நார்மன் உட்லேண்ட், பெர்னார்ட் சில்வர் என்ற இரண்டு இளைஞர்களின் மனதில் தைத்தது. மயாமி கடற்கரையில் உட்கார்ந்திருந்த உட்லேண்ட், தந்திக்கான மோர்ஸ் புள்ளிகளையும் கோடுகளையும் நினைத்தபடி மணலில் விரல்களை அழுத்தி இழுத்தார். தடித்தும் மெலிந்தும் கோடுகள் விழுந்தன. 1952-ல் காப்புரிமை கிடைத்தது.

அது கடைக்கு வர இன்னும் 22 ஆண்டு ஆனது. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரின் கடையில் முதன்முதலாக ஒரு பொருள் ஸ்கேன் ஆனது. அது ஒரு சூயிங்கம் பொட்டலம். கோட்டைப் படிக்கும் கருவிகளில் ஒரு வகை பேனா மாதிரியே இருந்தது. கோட்டின் மேல் கையால் இழுக்க வேண்டும். உங்கள் வீட்டு பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். கோட்டுக்குக் கீழே 890 என்று எண் தொடங்கினால், அது இந்தியாவில் பதிவான எண்.

1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹரா குழுவினர் க்யூஆர் கோடைக் கண்டுபிடித்தார்கள். இன்று பழவேற்காட்டில் மீன் விற்கும் இடத்திலும் அந்தக் கட்டம் தொங்குகிறது. ரேஷன் கார்டிலும் ஏறிவிட்டது.

விரல் சொல்லாத ரேகை

தமிழ்நாட்டில் ஸ்மார்ட் கார்டு 2017 ஏப்ரலில் வந்தது. கார்டை ஸ்கேன் செய்தால் கணக்கு திறக்கும். பேனாவால் பதிவேட்டில் எழுதும் வேலை போனது. 2020 அக்டோபரில் விரல் ரேகையும் சேர்ந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் பொருள் வாங்கலாம் என்ற ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்துக்காக அந்த ஏற்பாடு.

ஏரிக்கரை ஊர்களில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள் உண்டு. இறால் தலை கிள்ளும் கைகள், ஐஸ் கட்டியில் ஊறும் கைகள், வலை இழுத்துக் காய்த்த கைகள். அவற்றில் ரேகை தேய்ந்திருக்கும். “பாட்டி, விரலைத் துடைச்சிட்டு மறுபடி வைங்க” என்று கடைக்காரர் சொல்ல, முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தாலும் இயந்திரம் ஏற்றுக்கொள்ளாது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பும் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் வாங்க வந்தவர், அன்றைய மீன் வியாபாரத்தைக் கோட்டைவிட்டுத் திரும்புவார். அவருக்கு அது சின்ன நஷ்டமில்லை.

ரேகை விழாதது அவர் குற்றமல்ல. அதைக் காரணம் காட்டிப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. கார்டில் பெயர் உள்ள வேறொருவர் ரேகை வைக்கலாம். ஆதாரில் இணைத்த கைபேசிக்கு ஓடிபி வரவழைக்கலாம். கருவிழியைப் படிக்கும் கருவியும் கடைகளுக்கு வரத் தொடங்கிவிட்டது. நடக்க முடியாத முதியவர்கள், அங்கீகாரப் படிவம் கொடுத்து வேறொருவரை அனுப்பலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது. தட்டிக் கழித்தால் 1967 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம். வீட்டுக் கைபேசி எண்ணை ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் இன்றே சரிபார்த்து வைத்துவிட்டால், அடுத்த மாத வரிசையில் அரை மணி நேரம் மிச்சம்.

வரிசை தெரிந்த ஊர்

வேகத்துக்கு வழி தேடி ஸ்வீடன், ஜப்பான் வரை போய்விட்டோம். பழவேற்காட்டுக்காரர்களைக் கேட்டிருந்தால் அவர்களும் ஒன்று சொல்லியிருப்பார்கள். அங்கே ஏரியில் மீன்பிடிக்க ‘பாடு’ என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இறால் அதிகம் கிடைக்கும் இடங்கள் சில; பிடிக்க வேண்டியவர்கள் பலர். முந்துகிறவருக்கே மீன் என்றால் தினமும் சண்டைதான். அதனால் கூடி உட்கார்ந்து சீட்டுக் குலுக்குவார்கள். யார், எந்த நாள், எந்தப் பாடு என்று முடிவாகிவிடும். நல்ல இடம் எல்லாருக்கும் முறை வைத்து வரும். யாரும் யாருக்காகவும் கரையில் காத்து நிற்க வேண்டாம்.

2020 கொரோனா நாட்களில் ரேஷன் கடைகள் செய்ததும் ஏறத்தாழ இதுதான். நாளும் நேரமும் குறித்த டோக்கனை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பொங்கல் பரிசுக்கும் அதே டோக்கன். கூட்டம் தானாகப் பிரிந்தது. அதற்குக் கேமராவும் தேவைப்படவில்லை, புள்ளிக் காகிதமும் தேவைப்படவில்லை. ஒரு துண்டுச் சீட்டு, அதில் சாதாரணப் பேனாவால் எழுதிய தேதி, அவ்வளவுதான்.

அதே டோக்கன் மாதாமாதம் கிடைத்தால் மீன்காரம்மாவுக்கு மீன் விற்ற பிறகு ஒரு நேரம், கூலிக்குப் போகிறவருக்கு மாலையில் ஒரு நேரம் என்று கடை பிரித்துக் கொடுக்கலாம். ரேகை விழாதவர்களுக்கென்று கூட்டமில்லாத ஒரு மணி நேரத்தை ஒதுக்கலாம். இதற்குப் புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். காதில் செருகிய பேனாவை எடுத்தாலே போதும்.