ஓமான் கரையில் ஒரு தமிழ்ப் பெயர்

வளைகுடா என்றதும் எம்மவர் மனக்கண்ணில் தோன்றுவன மணலும் வெயிலும் எண்ணெய்க் கிணறுகளுமே. டுபாயிலும் கட்டாரிலும் உழைக்கும் உறவுகள் சொல்லக் கேட்பதும் அதுவே. ஆயினும் அரேபியாவின் தென்கரையில், ஓமானின் டோபார் மாகாணத்தில், தென்னையும் வாழையும் செழித்த துறைமுக நகரொன்று உண்டு. அதுவே சலாலா.

நாம் சோளகம் என்றழைக்கும் தென்மேற்குப் பருவக்காற்றே இந்நகரையும் குளிர்விக்கின்றது. யூன் முதல் செப்டெம்பர் வரை மூடுபனியும் தூறலும் கரையோர மலைகளைப் பசுமையாக்குகின்றன. அரேபியர் இப்பருவத்தைக் கரீப் என்பர். கோடை வெம்மைக்கு அஞ்சிய வளைகுடாக் குடும்பங்கள் அந்நாட்களில் இங்கு திரளுகின்றன.

மலைகளுக்கு அப்பாலுள்ள வறள்நிலத்திலே குந்திரிக்க மரங்கள் வளருகின்றன. பட்டையைச் சீவிவிட, கசியும் பால் உறைந்து நறுமணப் பிசினாகின்றது. தேவாலயங்களிலே தூபமிடப்படுவது இதுவே. இப்பிசினை நாடியே பண்டைய வணிகர் இக்கரைக்கு வந்தனர். 1344இல் புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த இபின் பத்தூத்தா, அதற்கு முன்னரே டோபாருக்கு வந்து, அங்கு தென்னையும் வெற்றிலையும் பயிராவதைக் குறித்துள்ளார்.

சலாலாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் கோர் ரோரி என்னும் களப்பு உள்ளது. அதன் வாயை இன்று மணல் அடைத்துள்ளது. பூநாரைகள் வந்து இரைதேடுகின்றன. அருகே சும்ஹுரம் என்னும் பண்டைத் துறைமுகத்தின் இடிபாடுகள். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைத் தலங்களுள் சேர்த்தது. 2006இல் இங்கு அகழ்ந்த இத்தாலிய ஆய்வாளர், பானை ஓட்டாலான மூடியொன்றைக் கண்டெடுத்தனர். அதிலிருந்த கீறல்கள் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் என்பது 2012இல் தெரியவந்தது. 'ணந்தை கீரன்' என அறிஞர் அதனைப் படித்தனர். காலம் கி.பி. முதலாம் நூற்றாண்டு. நக்கீரர் பெயரிலுள்ள அதே கீரன்!

அவர் வணிகரோ மாலுமியோ, நாமறியோம். துறைமுகம் அழிந்தது, சரக்கும் கலமும் போயின. தம் மொழியிற் கீறிய பெயர் மட்டும் எஞ்சியது.

வீடு, காணி, உறுதிப் பத்திரம் என நாம் இழந்துவந்தவை பல. பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்ற எம்மை இன்று வருத்துவது வேறொன்று. தமிழ் பேசும் எம் பிள்ளைகளிற் பலர் தம் பெயரைத் தமிழில் எழுத அறியார். வந்த நாட்டுப் பள்ளிகள் அதனைக் கற்பிக்கும் எனக் காத்திருத்தல் ஆகாது. பெற்றோரே, இந்த ஞாயிறன்று பிள்ளைகளை அருகிருத்தி, கீரனின் கதையைச் சொல்லி, அவர்தம் பெயரை அவர்கள் கையாலேயே எழுதுவியுங்கள்.