மேட்டூர் போகும் தோழர்களுக்கு

ஆடிப் பதினெட்டு வந்துவிட்டால் மேட்டூர் போகும் பஸ்களில் நிற்க இடம் இருக்காது. சேலத்து நூற்பாலைத் தொழிலாளி, எடப்பாடி தறித் தொழிலாளி, நாமக்கல் கோழிப் பண்ணையில் முட்டை எடுக்கும் பெண், ஓமலூர்ப் பக்கம் களையெடுக்கும் கூலிப் பெண்கள் எல்லோரும் குழந்தை குட்டிகளோடு காவிரிக்குப் போகிறார்கள். ஆற்றில் முழுகுகிறார்கள். அணைக்கட்டு முனியப்பனுக்குக் கோழியறுத்துப் பொங்கித் தின்கிறார்கள். பூங்கா மரத்தடியில் சற்றுப் படுத்து எழுந்து, இருட்டுகிற நேரத்தில் ஊர் திரும்புகிறார்கள். ஆண்டெல்லாம் மாடாய் உழைக்கிறவனுக்கு ஊர் பார்க்கக் கிடைக்கும் நாள் அது ஒன்றுதான்.

இதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. கூலிக்காரனுக்கு எதற்கு உல்லாசப் பயணம் என்கிறார்கள். இந்தக் கூட்டம் வந்தால் ஊர் நாறிப் போகும் என்கிறார்கள். இவர்களே தனித்தனிக் காரில் வந்து, குளிர்பதன அறையில் தங்கி, காசு கொடுத்து வாங்கிய தண்ணீர்ப் புட்டியைக் கரையில் எறிந்துவிட்டுப் போவதை யார் கேட்கிறார்கள்? அதற்குப் 'பசுமைச் சுற்றுலா' என்று பெயர் சூட்டினால் பசுமையாகிவிடுமா? ஒரே பஸ்ஸில் அறுபது பேர் போய், கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டு, அன்றே திரும்பும் உழைப்பாளிதான் பூமிக்குக் குறைந்த பாரம்.

ஆனாலும் நம் பக்கம் குறையே இல்லை என்று சொல்லமாட்டோம். நம் குறையை நாமே சொல்லித் திருத்திக்கொள்வதுதான் நமது வழக்கம். ஆகவே, எப்படிப் போவது, எங்கே காசைக் கொடுப்பது, எதைப் பார்ப்பது, எதைக் கேட்டுப் பெறுவது என்று திட்டம் போட்டுப் போவோம் என்கிறோம்.

ஓய்வு பிச்சையல்ல

முதலில் ஒன்று. அந்த ஒரு நாள் முதலாளி மனமிரங்கித் தந்ததல்ல. 1936-ம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் பிரான்சு நாட்டுத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பலனாக, ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் வந்தது. விடுமுறைக்குப் போகும் தொழிலாளிக்கு ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு 40 பங்கு குறைக்கப்பட்டது. கடலையே பார்த்தறியாத பல குடும்பங்கள் அந்தக் கோடையில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தன. நம் நாட்டிலும் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதப்பட்டது என்றால், அதற்குப் பின்னால் எத்தனையோ வேலைநிறுத்தங்கள் இருந்தன.

தமிழகத்தில் 1958-ம் ஆண்டின் பண்டிகை விடுமுறைச் சட்டம் ஒன்று உண்டு. தேசிய விடுமுறைகள் போக, ஐந்து பண்டிகை நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்கிறது அது. எந்த ஐந்து நாள் என்பதில் தொழிலாளர் தரப்பையும் கலந்து கொள்ள வேண்டும். சேலம், நாமக்கல் ஆலைச் சங்கங்கள் அந்த ஐந்தில் ஆடிப் பெருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்று கேட்கலாமே! சம்பளம் வெட்டப்படும் என்ற பயத்தோடு ஆற்றில் முழுகுவது என்ன முழுக்கு?

விவசாயக் கூலித் தோழனுக்கு அந்தச் சட்டமும் இல்லை. அவன் ஊர் பார்க்கும் நாள் கூலியில்லாத நாள். ஆலைத் தோழர்கள் வண்டி பேசும்போது பக்கத்துக் கிராமத்துக் கூலித் தோழர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டிச் செலவை ஆலைக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாக ஏற்றுக்கொண்டால் ஒன்றும் குறைந்து போகாது.

வெயிலோடு விளையாட வேண்டாம்

மேட்டூர் வெயில் சாதாரண வெயிலல்ல. சுற்றிலும் கரடு, நடுவில் பாறை. சித்திரை வைகாசியில் சேலம் சமவெளி 40 டிகிரியைத் தொடுவது வழக்கம். 2024-ம் ஆண்டில் தமிழக சர்க்காரே வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. பள்ளி விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு கோடையில் போவோர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். அணையையும் ஆற்றையும் பதினொரு மணிக்குள் பார்த்து முடியுங்கள். பிறகு மூன்று மணி வரை மர நிழலை விட்டு நகர வேண்டாம். உப்புப் போட்ட நீர்மோரும் கூழும் தூக்குப்போசியில் இருக்கட்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் அடிக்கடி குடியுங்கள். யாருக்காவது தலை சுற்றி, உடம்பு கொதித்து, பேச்சுத் தடுமாறினால் நிழலில் கிடத்தி, ஈரத் துணியால் துடைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். மேட்டூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருப்பதுதான் உயிரைக் கொண்டு போகும்.

வெயிலைவிடப் பெரிய எமன் தண்ணீர். 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் அணை நிரம்பி, ஆடி மாதத்தில் 16 கண் மதகு வழியாக உபரி நீர் சீறிப் பாய்ந்தது. அப்படிப்பட்ட நாட்களில் ஆறு நாம் அறிந்த ஆறு அல்ல. குளிக்கத் தடை என்றால் அது நம் உயிருக்காகப் போட்ட தடை. தண்ணீர் குறைவாக ஓடும்போதும் பாறைகளுக்கிடையே ஆளை விழுங்கும் மடுக்கள் உண்டு. குளிப்பதற்கென்று விட்ட துறையில் மட்டும் இறங்குங்கள். சாராயத்தைக் குடித்துவிட்டு நீச்சல் காட்டும் வீரம் யாருக்கும் வேண்டாம். மார்பில் அடித்துக்கொண்டு ஊர் திரும்பிய தாய்மார்களை நாம் பார்த்திருக்கிறோம்.

நம் காசு யார் கைக்குப் போகிறது?

நாம் கொண்டுபோகும் நூறு ரூபாயும் வியர்வை சிந்தி வந்த காசு. அது இன்னொரு உழைப்பாளி கைக்குப் போகட்டும். எங்கோ அடைத்து லாரியில் வந்த குளிர்பானமும் நொறுக்குத் தீனிப் பொட்டலமும் மேட்டூர்க்காரனுக்கு என்ன தரும்? பூங்காவுக்கு வெளியே அடுப்பு மூட்டி மீன் வறுக்கும் அம்மாவிடம் வாங்குங்கள். அவர் எண்ணெய்ச் சட்டியில் வேகும் மீன், நீர்த்தேக்கத்தில் இரவெல்லாம் பரிசலில் கிடந்து வலை போட்டவன் பிடித்தது. கட்லாவும் ரோகுவும் ஜிலேபிக் கெண்டையும் உங்கள் இலைக்கு வர அவன் காற்றோடும் அலையோடும் மல்லுக்கட்டியிருக்கிறான். அவனும் நம் வர்க்கம்தான். இளநீரும் கூழும் விற்கிறவர்களும் அப்படியே. அவர்களிடம் அடிமட்ட விலைக்குப் பேரம் பேசுவது நமக்கு அழகல்ல.

விசைப்படகுச் சவாரிக்கு ஏங்கும் பிள்ளைகளைக் கொளத்தூர் வழியாகப் பண்ணவாடிக்கு அழைத்துப் போகலாம். அங்கிருந்து அக்கரை நாகமரைக்கு ஜனங்கள் படகில் போய் வருகிறார்கள். சேலம் மாவட்டத்துக்கும் தருமபுரி மாவட்டத்துக்கும் இடையே அதுதான் அவர்களுடைய பாதை. வேடிக்கைக்காக ஓடும் படகைவிட, ஜனங்களின் பிழைப்புக்காக ஓடும் படகில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஆற்றைக் கெடுப்பவர் யார்?

ஆலைக் கழிவும் சாம்பலும் செய்யும் கெடுதல் பெரிது. அதை எதிர்த்துப் போராடுவோம். ஆனால் அதைச் சொல்லும் வாய்க்குத் தகுதி வேண்டும். முழுகிவிட்டுப் பழைய துணியை ஆற்றில் விடுகிறோம். ஷாம்புப் பொட்டலத்தைப் பாறையில் போடுகிறோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை செய்திருக்கிறார்கள். ஆனால் ஆடிப் பெருக்கு மறுநாள் கரையைப் போய்ப் பார்த்தால் தெரியும். அதை யார் அள்ளுகிறார்கள்? நம்மைப் போன்ற துப்புரவுத் தொழிலாளிதான் குனிந்து குனிந்து அள்ளுகிறார். கீழே ஈரோட்டிலும் கரூரிலும் திருச்சியிலும் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். வாழை இலை, துணிப்பை, தூக்குப்போசி போதும். கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு சாக்கு எடுத்துப் போவோம்.

அணையைக் கண் திறந்து பார்ப்போம்

படம் பிடித்துக்கொண்டு திரும்புவதற்கு மட்டுமா அணை? 1925-ல் தொடங்கி 1934-ல் முடித்தார்கள். 5,300 அடி நீளம். 120 அடி வரை நீர் நிறுத்தினால் 9,347 கோடி கன அடி தேங்குகிறது. நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி என்ற கவர்னரின் பெயர். உபரி நீர் மதகுக்கு எல்லிஸ் என்ற பொறியாளரின் பெயர். கல் உடைத்தவன், சாந்து சுமந்தவள் பெயர் எங்கே? அவர்கள் தலைச்சுமையால் எழுந்த சுவர்தான் இன்றும் தஞ்சைத் தரணியில் சுமார் 16 லட்சம் ஏக்கருக்கு நீர் தருகிறது. மேட்டூரின் கிழக்கு, மேற்குக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு பக்கங்களில் 45,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. குழந்தைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

நீருக்கு அடியில் ஊர்கள் கிடக்கின்றன என்பதையும் சொல்லுங்கள். நீர் நன்றாக வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய சிவன் கோயில் நந்தி வெளியே தெரியும். கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டும். அங்கே ஏர் உழுத குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு மேட்டுக்கு ஏறின. பாசனமும் மின்சாரமும் நமக்கு வந்தது அவர்கள் இழந்த மண்ணினால்.

மேட்டூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளையும் பாருங்கள். 840 மெகாவாட்டும், 2013-ல் சேர்ந்த 600 மெகாவாட்டும் அங்கே நிறுவப்பட்டுள்ளன. பட்டணத்துக் குளிர்பதன அறைகளுக்கு மின்சாரம் போகிறது. நிலக்கரிச் சூட்டில் நிற்பவன் தொழிலாளி. வெயிலிலும் புகையிலும் வாழ்பவன் உள்ளூர்க்காரன். குளிர்ச்சி ஒரு பக்கம், வெப்பம் ஒரு பக்கம் என்று பங்கு போட்டது இயற்கையல்ல.

சேலம் வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறைக்குள் 22 தோழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் மலபார்ச் சீமையிலிருந்து வந்தவர்கள். நாம் இன்று விடுமுறை என்றும் உரிமை என்றும் வாய் திறந்து பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

கேட்டுப் பெறுவோம்

நாம் ஒழுங்காக நடந்துகொண்டால் மட்டும் போதாது. கூட்டம் வரும் என்று சர்க்காருக்கு ஆண்டுதோறும் தெரியும். குளிக்கும் துறைகளில் நிழற்பந்தல் வேண்டும். இலவசக் குடிநீர் வேண்டும். பெண்கள் உடை மாற்ற மறைவிடமும் சுத்தமான கழிப்பிடமும் வேண்டும். நீச்சல் தெரிந்த காவலர்களைத் துறைதோறும் நிறுத்த வேண்டும். கூடுதல் பஸ் விடுவதோடு, சாதாரணக் கட்டணமே வாங்க வேண்டும். அன்று வேலை செய்யும் துப்புரவுத் தொழிலாளருக்கு இரட்டைச் சம்பளம் தரவேண்டும். மீன் வறுக்கும் பெண்களைக் கடை போட விடாமல் விரட்டக் கூடாது. சங்கங்கள் ஆடி பிறக்கும் முன்பே இந்தக் கோரிக்கைகளை எழுதி அதிகாரிகளிடம் கொடுக்கட்டும்.

காவிரி யாருடைய அப்பன் வீட்டுச் சொத்தும் அல்ல. அந்த அணையை எழுப்பியது நம் பாட்டன் பாட்டிகளின் கை. சொந்த வீட்டுக்குப் போகிறவர்களைப் போல, உரிமையோடும் பொறுப்போடும் மேட்டூர் போய் வாருங்கள், தோழர்களே!