கைபேசி மாறலாம், கணக்கு மாறலாகாது

தறியில் ஒரு பாவு தீரும் தறுவாயில் நெசவாளர் அதனை முழுதும் அறுத்து எறிந்துவிடுவதில்லை. பழைய பாவின் நுனியை விழுதிலும் அச்சிலும் விட்டுவைத்து, புதிய பாவின் இழைகளை அதனோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார். ஓர் இழை விட்டுப்போனாலும் துணி அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். தறியில் இவ்வளவு பொறுமை காட்டும் நாம், சங்கத்தின் காரியங்களைத் தாங்கி நிற்கும் கைபேசியை மாற்றும்பொழுது அதில் பத்தில் ஒரு பங்கேனும் காட்டுகிறோமா? இல்லை என்றே வருத்தத்துடன் கூறவேண்டியிருக்கிறது.

இது அற்ப விஷயம் என்று அங்கத்தினர்கள் எண்ணவேண்டாம். தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த கடிதங்கள் இன்று பெரும்பாலும் மின்னஞ்சலாகவே வருகின்றன. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உள்ள ஆலைகள் துண்டு, போர்வை முதலியவற்றுக்கு விலை கேட்பதும், துறை அலுவலகங்கள் சுற்றறிக்கை அனுப்புவதும், வங்கி கணக்குத் தாள் அனுப்புவதும் அவ்வழியேதான். பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறி ஓடுவதற்கும், திருவாலங்காட்டு ஆலைக்குக் கரும்பு போவதற்கும், பொன்னேரிப் பக்கத்து நெல் விலையாவதற்கும் இடையே இன்று ஒரு கைபேசி நிற்கிறது. அது பெரும்பாலும் காரியதரிசியின் சட்டைப் பையில் இருக்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறோம். குற்றம் காண்பது நம் நோக்கமன்று. ஆகவே பெயர் வேண்டியதில்லை. அச்சங்கத்தின் மின்னஞ்சல் கணக்கு, பல ஆண்டுகளுக்கு முன் காரியதரிசி தம் சொந்தப் பெயரில் தொடங்கியது. அவர் புதிய ஸ்மார்ட்போன் வாங்கினார். பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொண்டார். புதிய கருவியில் கணக்கைத் திறக்க முயன்றபோது, அடையாளம் காட்டும் ஓ.டி.பி. எண், அவர் எப்பொழுதோ கைவிட்ட ஒரு பழைய தொலைபேசி எண்ணுக்குப் போயிற்று. இரண்டு வாரம் அஞ்சல் திறக்கவில்லை. திறந்தபொழுது, ஆலை ஒன்று தன் தொழிலாளர் விடுதிக்குத் துண்டுகள் கேட்டு எழுதிய கடிதம் உள்ளே கிடந்தது. பதில் அளிக்கவேண்டிய நாள் கடந்துவிட்டது. வேலை வேறிடம் போயிற்று. கரை வடிவங்களின் படங்களோ பழைய கருவியில் மட்டுமே இருந்தன. காரியதரிசி நேர்மையானவர், உழைப்பாளி. எனினும் நஷ்டம் தறிக்காரரைச் சேர்ந்தது.

இதனைத் தவிர்க்க இயலாதா? இயலும். அதற்கு முன், 'சிங்க்' என்று கடைக்காரர்கள் சொல்லும் ஒத்திசைவு என்பது யாது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வோம். மின்னஞ்சலில் முன்னாளில் வழங்கிய 'பாப்' என்னும் முறை, தபால் நிலையத்திலிருந்து கடிதத்தை வீட்டுக்கு எடுத்துவருவது போன்றது. எடுத்து வந்தபின் அங்கே ஒன்றும் மிஞ்சாதிருப்பதே வழக்கம். வீட்டிலுள்ள பெட்டி தொலைந்தால் கடிதமும் தொலைந்தது. 1986இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் என்பார் வகுத்த 'ஐமேப்' முறையில், கடிதம் சர்வரிலேயே இருக்கும். கைபேசி, கணினி எதிலிருந்தும் அதனைச் சென்று பார்க்கலாம். இன்றைய ஒத்திசைவு யாவும் இந்தக் கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. அஞ்சலுக்கு மட்டுமன்றி நாட்காட்டிக்கும் கோப்புகளுக்கும் இதுவே விதி. புதிய கைபேசியில் கணக்கைச் சேர்த்தவுடன் மூன்றும் தாமே வந்து நிறைவது இதனால்தான்.

வசதி பெரிது. ஆயினும் அந்த வசதியிலேயே மறைந்திருக்கும் இரண்டு விஷயங்களை நம் நிர்வாகக் குழுக்கள் உணரவேண்டும்.

முதலாவது, எல்லாம் வந்து சேர்வது கணக்கைப் பின்பற்றி; கருவியைப் பின்பற்றியன்று. கணக்கு யாருடையதோ, கடிதமும் கோப்பும் அவருடையவை. இந்நாட்டில் 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்தைத் தொடர்ந்து தோன்றிய முதல் வேளாண் கடன் சங்கம், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் தோன்றியது என்பதை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். அன்று முதல் இவ்வியக்கத்தின் அடிப்படை ஒன்றே: தலைவர் மாறுவார், காரியதரிசி மாறுவார், சங்கம் நிலைத்திருக்கும். அதன் ஏடுகளும் முத்திரையும் எந்தத் தனியாளின் சொத்துமல்ல. பேரேட்டை ஒருவர் தம் வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவைத்தால் பொதுச்சபையில் எழுந்து கேள்வி கேட்கும் நாம், சங்கத்தின் கடிதப் போக்குவரத்து முழுவதும் ஒருவருடைய சொந்தக் கணக்கில் இருப்பதை எவ்வாறு பொறுத்துக்கொள்கிறோம்?

அக்கணக்கு கேட்பாரற்றுக் கிடந்தால் அழிந்தும் போகலாம். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கிவிடுவதாகக் கூகுள் நிறுவனம் 2023இல் அறிவித்தது. ஓய்வு பெற்ற ஒருவரின் பழைய கணக்கில் கிடக்கும் சங்கத்து ஒப்பந்தங்களுக்கு என்ன கதி என்பதை எண்ணிப் பாருங்கள். மேலும் அந்நிறுவனம் இலவசமாக அளிக்கும் 15 ஜி.பி. இடத்தில் அஞ்சல், கோப்பு, படம் யாவும் அடங்கவேண்டும். குடும்பத்துத் திருமணப் படங்களால் அவ்விடம் நிறைந்துவிட்டால் புதிய கடிதம் உள்ளே வராது. சொந்தக் கணக்கும் சங்கக் கணக்கும் ஒன்றாய் இருப்பதன் கேடு இது.

இரண்டாவது, ஒத்திசைவு ஒரு கண்ணாடி, களஞ்சியம் அன்று. கண்ணாடியின் முன் நிற்பவர் விலகினால் பிம்பமும் விலகிவிடும். கைபேசியில் ஒரு கோப்பை அழித்தால் சர்வரிலும் கணினியிலும் அது அழியும். கூகுளின் குப்பைக் கூடையில் 30 நாள் கிடக்கும். அதன் பின் இல்லை. 'எல்லாம் மேகத்தில் பத்திரமாக இருக்கிறது' என்று நம்பியிருப்பவர்கள் இதனை மறந்துவிடுகிறார்கள்.

பெரியவர்களே இதில் பாடம் கற்றிருக்கிறார்கள். 2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயில் பயனாளர்களில் 10,000 பேருக்கு இருவர் அளவில் தம் அஞ்சற்பெட்டி முழுதும் காலியாயிருக்கக் கண்டனர். மென்பொருளில் நேர்ந்த ஒரு பிழை, பல இடங்களில் வைத்திருந்த பிரதிகளையும் ஒருசேரத் தாக்கிவிட்டது. கடிதங்களை மீட்டுக்கொடுத்தது யாது தெரியுமா? வலைப்பின்னலோடு தொடர்பின்றித் தனியே வைத்திருந்த காந்த நாடாக்கள். 2025 செப்டம்பர் 26ஆம் நாள் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசின் தகவல் மையம் ஒன்றில் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி-டிரைவ்' அதில் அழிந்தது. 858 டெராபைட் கோப்புகளுக்கு வேறிடத்தில் பிரதி இல்லை. ஒரு நாட்டின் அரசுக்கே இந்நிலை என்றால், நம் சங்கங்கள் எம்மாத்திரம்? எவ்வளவு நெல் விளைந்தாலும் விதைநெல்லைத் தனியே எடுத்துவைக்கும் விவசாயியின் அறிவு இங்கேயும் வேண்டும்.

இதைக் கேட்டவுடன், 'ஆகவேதான் நாங்கள் காகிதத்தையே நம்புகிறோம்' என்று சில மூத்த அங்கத்தினர்கள் கூறக்கூடும். அவர்களுடைய எச்சரிக்கையை நாம் மதிக்கிறோம். ஆனால் 2015 டிசம்பர் பெருவெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த மழையையும் நம் மாவட்டம் மறக்கவில்லை. நீர் புகுந்த அறையில் காகித ஏட்டின் மை எவ்வளவு நேரம் நிற்கும்? காகிதமா கைபேசியா என்பது தவறான கேள்வி. ஓரிடத்து வெள்ளமோ தீயோ இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகாதபடி வைக்கவேண்டும் என்பதே முறை.

வேளாண் சங்கத்தாரில் சிலர் வேறொன்று சொல்லலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000ஐக் கணினி மயமாக்க, 2022 ஜூன் மாதத்தில் மத்திய அரசு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு இசைவளித்ததே, அது போதாதா என்பார்கள். அது வரவேற்கத்தக்க திட்டம். ஆனால் அது கடன், வைப்பு முதலிய கணக்குகளுக்கானது. அன்றாடக் கடிதம், பேச்சுவார்த்தை, தவணை நாள் ஆகியவற்றைக் காக்கும் பொறுப்பு நம்முடையதே.

ஆகவே, கைபேசியை மாற்றும் நாளில் செய்யத்தக்கவை எவை என்பதை வரிசையாகக் கூறுவோம். முதற்கண், கணக்கு சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் தொலைபேசி எண்ணிலும் இருக்கவேண்டும். கடவுச்சொல்லையும், கணக்கை மீட்பதற்கான குறியீடுகளையும் ஓர் உறையில் இட்டு, அரக்கு முத்திரை வைத்து, சங்கத்தின் பெட்டகத்தில் சேர்க்கவேண்டும். காரியதரிசி மாறும் நாளில் சாவியைப் போலவே அதனையும் எழுதிக் கொடுத்து வாங்கி, கடவுச்சொல்லை மாற்றிவிடவேண்டும்.

இரண்டாவதாக, பழைய கைபேசி கையில் இருக்கும்பொழுதே புதியதில் கணக்கைச் சேர்க்கவேண்டும். ஓ.டி.பி.யும் அனுமதிக் கேள்வியும் பழையதற்கே வரும் என்பதை மறவாதீர்கள். சங்கத்துக்கெனத் தனி முகவரிப் பெயரில் அஞ்சல் நடத்துவோர், கருவி கேட்கும்பொழுது ஐமேப் முறையையே தெரிந்தெடுக்கவேண்டும்.

மூன்றாவதாக, நாட்காட்டியைக் கூர்ந்து பார்க்கவேண்டும். பல கருவிகளில், குறித்த நாள்கள் கணக்கில் சேராமல் அக்கருவியில் மட்டுமே பதிந்திருக்கும். அவை புதியதற்கு வாரா. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. விவரம் அளிக்கும் சங்கத்துக்கு 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் தவறலாகாதவை. சொர்ணவாரி, சம்பா, நவரைப் பருவங்களின் காப்பீட்டுத் தவணை, தீபாவளிக்குச் சரக்கு ஒப்படைக்கும் நாள், நிர்வாகக் குழுக் கூட்டம் ஆகியவை ஒவ்வொன்றும் புதிய கருவியில் தெரிகின்றனவா என்று ஒப்பிட்டு அறியவேண்டும். தொடர்பு எண்களுக்கும் இதே சோதனை வேண்டும்.

நான்காவதாக, கோப்புகள். வாட்ஸ்அப்பில் வந்த வடிவப் படமும் கைபேசியில் எடுத்த பட்டாப் பிரதியும் தாமாகவே சங்கத்தின் கோப்பறைக்குப் போய்விடா. அவற்றை எடுத்து உரிய இடத்தில் சேர்க்கவேண்டும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு தனிச் சேமிப்புக் கருவியில் பிரதி எடுத்து, வலைப்பின்னலிலிருந்து கழற்றி, அலுவலகத்துக்கு வெளியே பாதுகாப்பான வேறோர் இடத்தில் வைக்கவேண்டும். அதுவே நம் விதைநெல்.

இவையெல்லாம் முடிந்து, ஒரு வாரமேனும் புதியதில் வேலை நடந்தபின்னரே பழைய கருவியிலிருந்து கணக்கை நீக்கி, அதனை முற்றும் துடைத்து, விற்கவோ கொடுக்கவோ செய்யலாம். துடைக்காமல் கொடுப்பதும் தவறு. அங்கத்தினர்களின் ஆதார் எண்ணும் வங்கிப் புத்தகத்தின் பிரதியும் அதில் இருக்கும். தனிநபர் தரவுகளைக் காப்பதற்கென 2023இல் மத்திய சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, அங்கத்தினர் நம்மை நம்பிக் கொடுத்த தாள்கள் அவை.

இவ்வளவும் காரியதரிசிகளின் மீது நம்பிக்கையின்மையைக் காட்டுவதாகாதா என்று சிலர் கேட்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. தணிக்கை எவ்வாறு நேர்மையான கணக்கருக்குக் கவசமோ, அவ்வாறே இதுவும். சொந்தக் கைபேசியில் சங்கத்தின் சுமையையும் சுமந்து, நள்ளிரவிலும் அதனைத் திறந்து பார்த்து, கருவி கெட்டால் பழியையும் தாமே ஏற்கும் நிலையிலிருந்து அவர்களை விடுவிப்பது சங்கத்தின் கடமை. ஒரு சாதாரணக் கைபேசியும் ஒரு தனி எண்ணும் வாங்கிக்கொடுக்கும் செலவைப் பெரிதென்று சொல்லும் நிர்வாகக் குழு, தவறிப்போன ஒரே ஒரு வேலை உத்தரவின் கூலியைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதற்கென ஓர் இனம் சேர்க்குமாறு ஒவ்வொரு சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறோம். 'சங்கத்தின் மின்னஞ்சல் யார் பெயரில் உள்ளது? அதன் திறவுகோல் எங்கே உள்ளது? தனிப் பிரதி கடைசியாக எடுத்த நாள் எது?' இம்மூன்று கேள்விகளுக்கும் நடவடிக்கைப் புத்தகத்தில் விடை எழுதப்படட்டும். கூட்டம் கூட்டாவிடினும், அங்கத்தினர் எவரும் அலுவலகத்துக்குச் சென்று இவற்றைக் கேட்கலாம். கேட்பது அவர்களுடைய உரிமை. விடை இல்லையெனில் அதனைத் தேடுவதற்கு இதுவே தருணம். பழைய பாவு இன்னும் தறியில்தான் இருக்கிறது.