காய்க்கும்வரை காப்போம்

நுழையும்முன்

மலைநிலத்தை மேம்படுத்தினால் மலைமக்களின் வறுமை குறையும் என்பது பலரும் ஏற்கும் கருத்து. ஆனால், நிலமேம்பாடு என்பது எங்கே தொடங்கி எங்கே நிறைவுறுகிறது? கல்வராயன் மலையை முன்வைத்து இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

மலையும் மக்களும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீலத்திரையென விரிந்திருப்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இது, சவ்வாது மலைக்கும் சேர்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் உறவு மலையாகும். இங்குப் பிறக்கும் கோமுகி ஆறு சமவெளி வயல்களை நனைக்கிறது. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, கடுக்காயும் புளியும் தேனும் திரட்டி நெடுங்காலமாக இங்கு வாழ்ந்து வருகின்றனர்.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. எனினும், மலையின் வறுமை நீங்கிவிடவில்லை. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அத்துயரத்தைத் தொடர்ந்து, கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், கல்வி ஆகியவை குறித்த கேள்விகள் எழுந்தன. அவற்றோடு சேர்த்து எழுப்பவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. மலையில் பிறந்தவர், கூலி தேடி வெளியூர் செல்லாமல், தம் நிலத்தை நம்பியே வாழ இயலுமா?

மரவள்ளியின் கணக்கு

மலைச்சரிவுகளில் இன்று மரவள்ளி பரவலாகப் பயிரிடப்படுகிறது. நட்ட பத்துத் திங்களில் கிழங்கு கிடைக்கும். ஆத்தூர், சேலம் பகுதிகளில் உள்ள ஜவ்வரிசி ஆலைகள் அதனை வாங்கிக்கொள்ளும். கையில் பணமில்லாத உழவருக்கு இது பெரும் ஆறுதல்.

ஆயினும், இந்த ஆறுதலுக்கு ஒரு விலை உண்டு. கிழங்கைப் பிடுங்கும்போதெல்லாம் சரிவின் மண் கிளறப்படுகிறது. அடுத்த மழையில் மேல்மண் ஓடையோடு போய்விடுகிறது. வளம் குறைந்த நிலத்துக்கு உரச்செலவு கூடுகிறது. கிழங்கின் விலையோ சமவெளியில் முடிவாகிறது. முன்பணம் பெற்றுப் பயிரிட்டவரால் விலை பேசவும் இயலாது. ஆண்டுதோறும் உழைத்தும் நிலமும் வருவாயும் தேய்வதை உழவர் அறிவார். அறிந்தும் அதனை விடமுடியாமல் இருக்கிறார்.

மரப்பயிர் இதற்கு மாற்றாக அமையும். மாவும் பலாவும் நெல்லியும் புளியும் வேரால் மண்ணைப் பற்றி நிறுத்தும், பல்லாண்டுகள் பயன்தரும். இம்மலையின் சேலம் மாவட்டப் பகுதியான கருமந்துறையில் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் அரசு பழப்பண்ணை ஒன்று உள்ளது. பழமரங்கள் இம்மண்ணில் செழிக்கும் என்பதற்கு அதுவே சான்று. அவ்வாறாயின், சிறு உழவர் ஏன் தயங்குகிறார்?

காத்திருக்க இயலாமை

மாவின் ஒட்டுக்கன்று பயன்தர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். விதையிலிருந்து வளரும் பலாவுக்கு அதனினும் கூடுதலான காலம் வேண்டும். அதுவரை அடுப்பு எரியவேண்டும், பிள்ளைகள் படிக்கவேண்டும், கடனுக்கு வட்டி கட்டவேண்டும். செல்வர் காத்திருப்பார்; ஏழையால் காத்திருக்க இயலாது. உழவரின் தயக்கத்திற்குச் சோம்பலோ அறியாமையோ காரணமன்று; இக்கணக்கே காரணம்.

அரசும் தொண்டு நிறுவனங்களும் விலையின்றிக் கன்றுகள் வழங்குவது வரவேற்கத்தக்கது. ஆனால், கன்று கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. முதற் கோடையில் தண்ணீரின்றி வாடிய கன்று அடுத்த ஆண்டு மரவள்ளிக்கு இடம் கொடுத்துவிடும். கன்றுக்கும் கனிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளைக் கடக்க உதவுவதே உண்மையான நிலமேம்பாடு என்பது என் கருத்து.

வாடி கற்பித்த பாடம்

இக்கருத்து வெறுங்கனவன்று. மணிபாய் தேசாய் நிறுவிய பைஃப் என்னும் தொண்டு நிறுவனம், 1982இல் குசராத்தின் வான்சடா பகுதிப் பழங்குடியினரிடையே ‘வாடி’ என்னும் முறையைத் தொடங்கியது. வாடி என்பதற்குச் சிறு தோட்டம் என்பது பொருள். குடும்பம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர்; அதில் மாவும் முந்திரியும்; இடையே உணவுப் பயிர்கள்; வேலியோரம் தீவனமும் விறகும் தரும் மரங்கள். கன்று நடுவதற்கு முன்பே மண்ணரிப்பைத் தடுக்கும் பணிகள் நடைபெற்றன. ஊடுபயிர், மரம் வளரும்வரை குடும்பத்துக்கு உணவளித்தது. இவ்வெற்றியைக் கண்ட நபார்டு வங்கி, 2003-04ஆம் ஆண்டில் பழங்குடியினர் மேம்பாட்டு நிதியை உருவாக்கி, இம்முறையைப் பல மாநிலங்களுக்கும் கொண்டு சென்றது.

மலேசியாவில் 1956இல் தோன்றிய பெல்டா நிறுவனமும், நிலமற்றோரைக் குடியேற்றி இரப்பர், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களை அமைத்தபோது, விளைச்சல் வரும்வரை அவர்களுக்கு வாழ்க்கைப்படி வழங்கியது. அதற்காகக் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டது நாம் பின்பற்றக்கூடாத வழி. காத்திருப்புக் காலத்தைத் திட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது நாம் கற்கவேண்டிய பாடம்.

முதலில் உரிமை

தன்னுடையது என்னும் உறுதியில்லாத நிலத்தில் எவரும் மரம் வைக்கத் துணியார். கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆட்சி விடுதலைக்குப் பின்னரும் பல்லாண்டுகள் நீடித்தது. வனநிலத்தில் தலைமுறைகளாக உழுதவர்களுக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வழிகாட்டுகிறது. 2005 திசம்பர் 13க்கு முன்பிருந்தே உழுதுவரும் பழங்குடிக் குடும்பம், நான்கு எக்டேர் வரை உரிமை பெறலாம். அவ்வுரிமையைப் பிள்ளைகளுக்கு வழங்கலாம். பிறருக்கு விற்க இயலாது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் அது பதிவாகும். நிலமேம்பாட்டின் முதற்படி மண்வெட்டியன்று, இவ்வுரிமை ஆவணமே.

அடுத்த படி மண்ணும் நீரும். சரிவின் குறுக்கே சம உயர வரப்புகள், கல்வரப்புகள், பண்ணைக்குட்டைகள் அமையவேண்டும். இப்பணிகளை உழவர் தம் நிலத்திலேயே செய்து அதற்குக் கூலியும் பெற்றால், காத்திருப்புக் காலம் எளிதாகும். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் பழங்குடியினரின் சொந்த நிலத்தில் இத்தகைய பணிகளுக்கு இடமளித்தது, அந்நெறி தொடரவேண்டும். மூன்றாம் படி சந்தை. ஒருவர் தனியே விற்றால் வியாபாரி விலை சொல்வார். கூட்டுறவாக விற்றால் உழவரும் விலை சொல்லலாம்.

மறுப்பும் விடையும்

மரப்பயிர் பெருகினால் சாமையும் தினையும் மறையாவோ எனச் சிலர் அஞ்சுவர். இது பொருளுள்ள அச்சமே. ஒரே பயிரை நம்பினால் மரவள்ளியில் நேர்ந்ததே மாவிலும் நேரும். எனவே, நிலம் முழுவதையும் தோட்டமாக்காமல் ஓர் ஏக்கரில் மரமும் எஞ்சியதில் சிறுதானியமும் வளர்ப்பதே அறிவுடைமை. சிறு நிலங்களை ஒன்றிணைத்துப் பெருந்தோட்டமாக்கலாம் என்பாரும் உளர். அவ்வழியில் மலையில் விளைச்சல் பெருகக்கூடும். ஆனால், நிலத்துக்கு உரியவர் தம் மண்ணிலேயே கூலியாளாவார்.

அளவுகோல் மாறட்டும்

எத்தனை இலட்சம் கன்றுகள் வழங்கினோம் என்பதே இன்று பல திட்டங்களின் அளவுகோல். அது மாறவேண்டும். ஐந்தாம் ஆண்டில் எத்தனை மரங்கள் உயிரோடு நிற்கின்றன, அவற்றின் வருவாய் யார் கைக்குச் செல்கிறது என்னும் இரு கேள்விகளுக்கு ஒவ்வொரு திட்டமும் விடையளிக்கவேண்டும். மாணவர்களே, நாளை நீங்கள் அலுவலராகலாம், வேளாண் அறிஞராகலாம், ஊராட்சித் தலைவராகலாம். அப்போது உங்கள் முன் வரும் திட்டக் கோப்புகளில் இவ்விரு கேள்விகளையும் எழுதி வையுங்கள்.