மலையைத் திட்டுவதற்கு முன்...

ஏற்காட்டில் கணினியில் யூடியூப் பாடம் ஓடத் தாமதமானால் உடனே தீர்ப்பு: "சேர்வராயன் மலையில நெட் இப்படித்தான்!" பிள்ளையை இன்னொரு டேட்டா பேக் போட அனுப்பிவிடுகிறோம். காசு யாருடையது?

முதலில் அதே வீடியோவை இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். நாமாக அனுமதித்தால் தவிர எக்ஸ்டென்ஷன்கள் அங்கே இயங்காது. சட்டென்று ஓடினால் டவர் நிரபராதி. சந்தேகம் எக்ஸ்டென்ஷன் மேல்தான். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், பிடிபடும். விளம்பரத் தடுப்பான் இருந்தால் வீடியோ சரியாக ஓடாமல் போகலாம் என்று 2023இல் யூடியூப் நிறுவனமே சொன்னதே!

எல்லாவற்றுக்கும் டவரையே குறை சொன்னால், நிஜமாகவே சிக்னல் இல்லாத மலைக்கிராமத்தின் மனு யார் காதில் ஏறும்?