முந்திரிதான் ஆகாது, சோறு ஆகும்!

குழந்தைக்கு ஒரு பண்டம் ஒத்துக்கொள்ளாமல் போவது ஒரு கஷ்டம். அதற்கப்புறம் எதைக் கண்டாலும் பயந்து தட்டைத் தள்ளுவது இரண்டாவது கஷ்டம். முதலாவதற்கு டாக்டரிடம் ஓடுகிறோம். இரண்டாவதை 'அடம்' என்று சொல்லி முதுகில் ஒன்று வைக்கிறோம்!

எங்கள் தேனாம்பேட்டைத் தெருவில், மாடி போர்ஷனில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி. போன வருஷம் ஒரு விசேஷத்தில் கேசரி சாப்பிட்ட சற்று நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். முந்திரி அலர்ஜி என்று தெரிந்தது.

உடம்பு தேறியது, மனசு தேறவில்லை. கேசரி, குருமா, பொங்கலை விட்டாள். நியாயம், அவற்றில் முந்திரி இருக்கும். பிறகு சட்னி, சாம்பார், வாழைப்பழத்தையும் விட்டாள். கடைசியில் இட்லியும் தயிர் சாதமும்தான் மிச்சம். டிபன் டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. "அக்கா, எலும்பும் தோலுமா ஆயிட்டா" என்று அவள் அம்மா கண் கலங்கினாள்.

இது அடமில்லை, சகோதரிகளே. பயம். சாப்பிட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று உணவைத் தவிர்த்து மெலிவதை, 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் ஒரு நோயாகவே தன் பட்டியலில் சேர்த்தது.

டாக்டர் சொல்லி அந்த அம்மா செய்தவை இவை:

* ஆகாதது எது, ஆவது எது என்று டாக்டரிடமே எழுதி வாங்கினாள். முந்திரி ஆகாதவர்கள் பலருக்குப் பிஸ்தாவும் ஆகாது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்ததையெல்லாம் நாமாக நிறுத்தக் கூடாது. அவற்றில் சில, சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது.

* "அதைத் தின்னா செத்துடுவே" என்ற பேச்சை வீட்டில் நிறுத்தினாள். "முந்திரிதான் உனக்கு ஆகாது, இதிலே அது இல்லை" என்று மட்டும் சொன்னாள்.

* சமைக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்தாள். பருப்பு, புளி, காய் எல்லாம் குழந்தை கையாலேயே போட்டது. முதல் நாள் முகர்ந்தால் போதும். அப்புறம் நுனி நாக்கில். பிறகு ஒரு ஸ்பூன். திணிக்கவில்லை.

இது ஆகும் என்று தெரிந்த பண்டங்களுக்கு மட்டும்தான்! ஆகாததை வீட்டில் 'பழக்கி'ப் பார்க்கவே கூடாது.

மூன்று மாதத்தில் சாம்பார் சாதமும் வாழைப்பழமும் திரும்பி வந்தன. இப்படித் தேறாமல் எடை குறைந்துகொண்டே போனால், குழந்தை டாக்டரோடு மனநல ஆலோசகரையும் பாருங்கள். வெட்கம் எதற்கு?

பாக்கெட் பண்டம் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். பால், முட்டை, மீன், வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா, கோதுமை இருந்தால் அச்சிட வேண்டும் என்பது 2020-ன் லேபிள் விதி. மூச்சுத் திணறலோ, குரல் கம்மலோ, மயக்கமோ வந்தால் கை வைத்தியம் வேண்டாம். படுக்க வைத்து (மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வைத்து) 108-ஐக் கூப்பிடுங்கள். அப்போது உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. டாக்டர் அதைக் கையில் கொடுத்திருந்தால் தாமதிக்காமல் போடுங்கள்.

கடைசியாக, பாட்டிமார்களுக்கும் அத்தைமார்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படி ஒரு குழந்தை உங்கள் வீட்டுக்கு வந்தால், "ஒரு வாய்தானே, என்ன ஆயிடும்?" என்று ஊட்டிவிடாதீர்கள். எதில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். நம் பேச்சை நம்பினால்தான் அது நம் கையால் சாப்பிடும்.