கெளுத்தி முள் குத்தினால்...

"அக்கா, கெளுத்தி இன்னும் உயிரோட இருக்கு, பார்த்துக் கழுவுங்க!" மீன்காரம்மா சொல்லிவிட்டுத்தான் கூடையைத் தூக்கினாள். நான்தான் காதில் வாங்கவில்லை. மழைக்காலத்து ஏரி மீன். செதில் கிடையாது, உடம்பெல்லாம் வழவழப்பு. கை நழுவியதும் சுருக்கென்று முள் ஏறிவிட்டது. அம்மாடி! முழங்கை வரைக்கும் கடுகடுப்பு.

கெளுத்தி பகலில் சேற்றோரம் பதுங்கிக் கிடந்து, இருட்டின பிறகுதான் இரை தேடும். கலங்கல் தண்ணீரில் அதற்கு வழிகாட்டுவது நாலு ஜோடி மீசை. தடவித் தடவியே புழு, பூச்சி, கூனி இறால் எல்லாம் பிடித்துவிடும். நாம் அந்த மீசையைப் பார்த்துப் பயப்படுகிறோம். பாவம், அது ஒன்றும் செய்யாது. முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் இரு பக்கமும் ஒவ்வொன்று என்று மூன்று முட்கள் இருக்கின்றனவே, வினை அதில்தான். மிரண்டால் விறைத்துக்கொள்ளும். செத்த மீன் முள்ளும் குத்தும். சட்டியில் நீந்துகிறதே என்று பிள்ளைகள் கை விடப்போகிறார்கள், ஜாக்கிரதை!

குத்திவிட்டால் கழுவிவிட்டு, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அரைமணிக்குக் குறையாமல் கையை வையுங்கள். அந்த விஷம் சூட்டில் வீரியம் இழந்துவிடும். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள்; குழந்தைக்கானால் நீங்களே தொட்டுப் பார்த்த பிறகுதான். சுண்ணாம்பு, மஞ்சள் அப்ப வேண்டாம். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள்.

இப்போதெல்லாம் நான் கத்தரியால் மூன்று முள்ளையும் நறுக்கிவிட்டுத்தான் கல் உப்புப் போட்டு உரசுகிறேன்.